அம்மாவை நான்தான் பார்க்கிறேன்: வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பாரிசவாதம், அதாவது ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பின பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற மகள்மார், மனைவிமார், இரண்டு ஆண்கள். எல்லோரும் பக்கம் பக்கமாக நோயாளியைப் பற்றி எழுதிவிட்டு, தன்னைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வார்ட்டில் பல வருஷம் வேலை செய்தவள், என் மாமியை வீட்டில் வைத்துப் பார்த்தவள் என்கிற முறையில் அந்தக் கடைசி வரிகளையும் விடாமல் பதில் எழுதுகிறேன்.

அக்கா, அம்மாவுக்கு வலப்பக்கக் கை கால் விழுந்து எட்டு மாதம். நான் கடைசி மகள். வீடு எனக்குச் சீதனமாக எழுதினது, அதனால் அம்மா என்னோடு. ஒரு அண்ணன் கட்டாரில், ஒரு அண்ணன் கொழும்பில். காசு அனுப்புவார்கள், ஆனால் போன் எடுத்தால் ‘ஏன் இன்னும் நடக்கவில்லை, எக்சசைஸ் செய்விக்கிறது இல்லையா’ என்றுதான் கேள்வி. மூத்த அக்கா அடுத்த வளவில்தான், ‘வீடு உனக்குத்தானே’ என்று சொல்லிவிட்டா. அம்மாவின் வலது தோள் நோவாம், தொடவே விடுகிறா இல்லை. தூக்கித் தூக்கி என் இடுப்பும் போய்விட்டது.
மகள், கொக்கட்டிச்சோலை

தங்கச்சி, அம்மாவின் தோளும் உங்கள் இடுப்பும் ஒரே காரணத்தால்தான் நோகின்றன என்று நினைக்கிறேன். கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்குகிறீர்கள், இல்லாவிட்டால் விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புகிறீர்கள். யாரும் காட்டித் தராத வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தோள் மூட்டை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது சுற்றியிருக்கிற தசைகள். அவை தளர்ந்துபோன பிறகு கையின் பாரமே எலும்பைக் கீழே இழுக்கும், அதோடு நாமும் சேர்ந்து இழுத்தால் மூட்டு விலகி, நோவு வந்து, பிறகு அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்கவே முடியாமல் போய்விடும். இன்றிலிருந்து அந்தக் கையை யாரும் இழுக்கக் கூடாது. அம்மா கதிரையில் இருக்கும்போது கை தொங்காமல் மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள், படுக்கும்போதும் அப்படியே.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கதிரையைக் கட்டிலோடு ஒட்டி, அம்மாவின் நல்ல பக்கத்தில், அதாவது இடப்பக்கம் வையுங்கள். அம்மா கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்து, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய இருக்க வேண்டும். ஒரு பழைய சாரத்தை நீளமாக மடித்து அவவின் இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிந்துவிடுங்கள், அதுதான் இனி உங்கள் கைப்பிடி. நீங்கள் முன்னால் நின்று, உங்கள் முழங்காலால் அவவின் வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சாரத்தைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, அம்மாவை நல்லாக முன்னுக்குக் குனியச் சொல்லுங்கள். தலை பாதத்தைத் தாண்டி முன்னால் வந்தால் பின்புறம் தானாகக் கட்டிலை விட்டுக் கிளம்பும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இரண்டு பேரும் சேர்ந்து எழும்புங்கள். வாசித்துப் பழகுகிற விஷயம் இல்லை இது. அடுத்த கிளினிக்குக்குப் போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது பிசியோதெரபிப் பகுதியில் கேட்டு, அவர்கள் செய்து காட்டுவதோடு விடாமல், நீங்கள் செய்ய அவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். தோள் நோவையும் அங்கே காட்டுங்கள். முடிந்தால் மூத்த அக்காவையும் கூட்டிப் போங்கள்.

இனி அக்கா கதை. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, வயது போன தாய் தகப்பன் கடைசி மகளோடு. நல்ல வழக்கம்தான், கல்யாணம் முடித்த பெண் தன் வீட்டில், தன் ஆட்களுக்கு நடுவில் இருக்கிற பலத்தைத் தந்த வழக்கம். ஆனால் அது நடந்த காலத்தில் அக்கா வீடு, பெரியம்மா வீடு, அம்மம்மா வீடு எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன, ஒருத்தி பிரட்டிப் படுக்க வைத்தால் இன்னொருத்தி துணி அலசுவாள், மூன்றாவது ஆள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள். வீடு எழுதினது ஒருத்தி பெயரில், தாயைப் பார்த்தது வளவு முழுக்க. உறுதியில் உங்கள் பெயர் இருப்பதால் அக்காவுக்கு அம்மா இல்லாமல் போய்விடவில்லை. இதை நீங்கள் சொன்னால் சண்டையாகும், பெரியம்மாவோ மாமாவோ சொன்னால் எடுபடும், அவர்களைக் கொண்டு சொல்லுங்கள்.

கேட்கும்போது ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஓம் சொல்வார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். அக்காவிடம்: ‘காலையில் அம்மாவைக் குளிக்க வார்க்கிற அரை மணித்தியாலம் மட்டும் வா.’ கட்டார் அண்ணனிடம்: ‘பின்னேரம் வேலை முடிய வீடியோவில் வந்து அம்மாவின் கைப் பயிற்சிக்கு நீ எண்ணு, அந்த நேரம் நான் படுக்கிறேன்.’ அம்மா உங்களுக்குச் செய்யாத பயிற்சியை மகனுக்குச் செய்து காட்டுவா, நான் பல வீடுகளில் பார்த்தது. அனுப்புகிற காசில் ஒரு பங்கைக் காலைநேர உதவிக்கு ஒரு பெண்ணை வைக்க என்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள். கொழும்பு அண்ணன் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து, தனியாக அம்மாவோடு நிற்கட்டும், பம்பர்ஸ் மாற்றுவதில் இருந்து எல்லாம் அவரே செய்யட்டும். நீங்கள் அந்த இரண்டு நாளும் புருஷன் பிள்ளைகளோடு வெளியே போங்கள்.

‘ஏன் நடக்கவில்லை’ என்பதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னேற்றம் முதல் மூன்று, ஆறு மாதத்துக்குள்தான் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. எவ்வளவு திரும்பும் என்பது மூளையில் எவ்வளவு இடம் அடிபட்டது, எந்த இடம் என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது. நீங்கள் குறை வைத்ததால் அம்மா நடக்காமல் இருக்கிறா என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

ராத்தா, கடை நடத்தின இவருக்குப் பேச்சு விழுந்து ஆறு மாசம். தண்ணி வேணும் என்று சொல்ல வராது, ஆனால் அல்ஹம்து சூறாவைப் பிழையில்லாமல் ஓதுகிறார், ஒன்று இரண்டு எண்ணுகிறார். இவரின் தம்பிமார் ‘நானா வேணுமென்று நடிக்கிறார்’ என்கிறார்கள். திடீர் திடீரென்று அழுகிறார். ஒரு ஜனாஸா வீட்டில் சிரித்துவிட்டார், எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது. எதற்கெடுத்தாலும் என் மேல்தான் கோபம்.
மனைவி, சாய்ந்தமருது

அவர் நடிக்கவில்லை. இதை முதலில் தம்பிமாரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுங்கள், இந்தப் பதிலைக் காட்டினாலும் சரி. தண்ணி கேட்பதற்கு ஒரு மனிதர் சொல்லைத் தேடி எடுத்து, கோத்து, வாயை அதற்கேற்ப அசைக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம் நடக்கிறது, அடி பட்டதும் அங்கேதான். சின்ன வயதில் இருந்து ஓதிப் பழகின சூறா, எண்கள், சலாம், கோபத்தில் வருகிற ஏச்சு, இவை தேடாமல் தானாக ஓடி வருகிற பேச்சு, அது தப்பியிருக்கும். பேச்சுச் சிகிச்சை செய்பவர்கள் சில வேளை அதில் பிடித்துத்தான் தொடங்குவார்கள். ஆகவே ஓதுவது நல்ல விஷயம், தினமும் கூட இருந்து ஓதுங்கள். கிளினிக் டொக்டரிடம் பேச்சுச் சிகிச்சைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பல நேரம் அது நடக்காது.

வீட்டில் டீவியை நிறுத்திவிட்டுக் கதையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. ‘என்ன வேணும்’ என்று கேட்காமல் தண்ணிக் கோப்பையையும் தேத்தண்ணிக் கோப்பையையும் இரண்டு கையில் காட்டுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள், நமக்கு நீளமாகத் தெரிகிற அந்த இடைவெளி அவருக்குத் தேவை. சத்தம் போட வேண்டாம், காது நல்லாகத்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளையோடு கதைப்பதுபோல் கதைக்கவும் வேண்டாம், அவர் கடை நடத்தின மனிதர், புத்தி அப்படியே இருக்கலாம், வெளியே வர வழிதான் அடைபட்டிருக்கிறது.

அழுகையும் சிரிப்பும் வேறு கதை. உணர்ச்சியை அடக்கி வைக்கிற இடம் அடிபட்டால் சின்னத் தூண்டலுக்கே, சில வேளை ஒரு காரணமும் இல்லாமல், அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும். ஜனாஸா வீட்டில் உள்ளுக்குள் அவருக்குச் சிரிப்பு இருந்திருக்காது. அந்த நேரம் ‘ஏன் அழுகிறீங்க’ என்று கேட்கக் கேட்கக் கூடும், பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். ஒரு நாளில் பல தடவை வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. இதோடு சேர்த்து இன்னொன்றையும் கவனியுங்கள்: சாப்பாடு குறைந்து, தூக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டே இருந்தால் அது மனச்சோர்வு. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது, அதற்கும் வைத்தியம் உண்டு, ‘வருத்தம் வந்தால் கவலை இருக்கும்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

கோபம் உங்கள் மேல் வருவது நீங்கள் எப்போதும் முன்னால் நிற்பதால். களைப்புக் கூடின பின்னேரத்தில்தான் பெரும்பாலும் வரும், முக்கியமான கதைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கை நீட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், விலகி வெளியே போங்கள், குடும்பத்துக்குச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தம்பிமார், அஸர் தொழுதுவிட்டு ஆளுக்கொரு நாள் வந்து நானாவோடு இருக்கட்டும். நிற்க முடியாதவர் இருந்து தொழலாம், இருக்க முடியாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம், ஜும்ஆவுக்குக் கதிரையில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நாலு பேரைப் பார்த்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கும்.

அப்பாவுக்குத் தண்ணி, தேத்தண்ணி கொடுத்தால் புரைக்கேறுகிறது. தடித்த கஞ்சிக்கு அவ்வளவு இல்லை. என்ன காரணம்?
மகன், களுவாஞ்சிக்குடி

தம்பி, விழுங்குகிற தசையும் தளர்ந்திருக்கிறது. தண்ணி வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், தடித்தது மெதுவாக இறங்கும். இதைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம், நெஞ்சில் சளி பிடித்து நியுமோனியா வருவது இப்படித்தான், சிலருக்கு இருமல்கூட வராமல் உள்ளே போகும். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரத்து வந்தால், அடிக்கடி காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். எந்தத் தடிப்பில் கொடுப்பது என்பதைக் கிளினிக்கில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுவரை படுக்க வைத்து ஒரு கரண்டிகூடக் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து இருக்க வைத்து, நாடியைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, சின்னக் கரண்டியால், ஒரு வாய் இறங்கின பிறகு அடுத்த வாய். சோற்றில் தண்ணிச் சொதி ஊற்றிக் கொடுப்பது கஷ்டம், ஒரே வாயில் கட்டியும் தண்ணியும் வருகிறது. நல்ல கட்டித் தயிர், மசித்த பூசணி, பப்பாசி இலகு. முடிந்ததும் தளர்ந்த பக்கத்துக் கன்னத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், சோறு அங்கே ஒதுங்கிக் கிடக்கும், அதை எடுத்து வாயைத் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் அப்படியே இருக்க வையுங்கள்.

என் மனைவிக்கு இடப்பக்கம் வேலை செய்யாது. பிள்ளைகள் இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள், நான்தான் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கக்கூசுக்குக் கூட்டிப் போவது. சொந்தக்காரப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். மனைவிக்கும் வெட்கம், நான் தொட்டால் அழுகிறா.
கணவர், திருக்கோவில்

ஐயா, சிரிக்கிறவர்களிடம் ‘சரி, நாளைக்கு நீங்கள் வந்து குளிப்பாட்டுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். வந்தால் நல்லம், வராவிட்டால் வாய் மூடும். நீங்கள் செய்கிற வேலையை மதிக்கிறேன்.

மனைவியின் வெட்கத்தைக் குறைக்கச் சில வழிகள் இருக்கின்றன. முன்பக்கம் திறக்கிற ஹவுஸ்கோட் இரண்டு மூன்று தைப்பியுங்கள். போடும்போது முதலில் விழுந்த கை, கழற்றும்போது முதலில் நல்ல கை, இந்த ஒழுங்கு தெரிந்தால் பாதி இழுபறி இல்லை. குளிக்கும்போது ஒரு துவாயை மேலே போட்டுவிட்டு, அதற்குக் கீழே நல்ல கையால் அவவே கழுவட்டும், முதுகும் காலும் மட்டும் நீங்கள். அவவால் செய்ய முடிந்ததை அவசரத்துக்கு நீங்கள் செய்துவிடாதீர்கள், நேரம் போனாலும் பரவாயில்லை. குந்துகிற கக்கூஸ் என்றால் பாரம் தாங்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, விளிம்பை நன்றாகத் தேய்த்து, மேலே வைத்துவிடுங்கள், சுவரில் நல்ல கைப் பக்கமாக ஒரு பிடி அடித்துக் கொடுங்கள். இருத்திவிட்டு, விழமாட்டா என்று தெரிந்தால், கதவுக்கு வெளியே வந்து நில்லுங்கள். கழுவும்போது முன்னால் இருந்து பின்னுக்கு, இல்லாவிட்டால் சலத்தில் கிருமி தொற்றும்.

இடப்பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் படாது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும், இடக்கை கதிரைக்குள் நசிந்தாலும் தெரியாது. உங்கள் மனைவிக்கும் அப்படி என்றால் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள், இடப்பக்கமாக நின்று கதைத்துத் திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள்.

வாப்பா இப்போது நல்லாக நடக்கிறார். பரியாரி எண்ணெய் கட்டுகிறோம். ஆஸ்பத்திரிக் குளுசையை நிப்பாட்டலாமா?
அக்கரைப்பற்று வாசகர்

நிப்பாட்ட வேண்டாம். நடை வந்தது வேறு, அந்தக் குளுசைகள் வேறு. பிரஷர், கொழுப்பு, இரத்தம் கட்டுவது, இவற்றைக் கட்டுப்படுத்தி அடுத்த அடி வராமல் தடுக்கத்தான் அவை, பலருக்கு ஆயுள் முழுக்கத் தேவை. எண்ணெய் தடவுவதில் எனக்குச் சண்டை இல்லை, கை கால் தடவுவது இதமாகத்தான் இருக்கும், ஆனால் உணர்ச்சி குறைந்த கையில் சூட்டுக் கிழி வைத்தால் தோல் வெந்து கொப்பளிப்பதுகூட அவருக்குத் தெரியாது. சூடு வேண்டாம், இழுத்து முறிப்பது வேண்டாம், உள்ளுக்குக் குடிக்கத் தருகிற எதையும் கிளினிக் டொக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். நோன்பு காலத்தில் குளுசை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் முன்னாலேயே அவரிடம் கேளுங்கள்.

அம்மா இரண்டு வருஷமாகப் படுக்கை. இரவில் நாலு தரம் எழும்புகிறேன். சில இரவில் அம்மா போய்ச் சேர்ந்தால் நல்லம் என்று மனதில் வருகிறது. ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. நான் பாவியா?
பெயர் எழுதாதவர், செங்கலடி

இல்லை. இந்த நினைப்பை என்னிடம் மெதுவாகச் சொன்ன எத்தனையோ மகள்மாரை, மகன்மாரை எனக்குத் தெரியும், எல்லோரும் நல்லாகப் பார்த்தவர்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து தூங்காத உடம்பு அப்படி நினைக்கும்.

ஓங்கின கையை மட்டும் சும்மா விட வேண்டாம், அது நீங்கள் எல்லைக்கு வந்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம். மறுபடி அப்படி வந்தால் அம்மாவைப் பத்திரமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய் முகம் கழுவுங்கள், பத்து நிமிஷம் அம்மா தனியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அடுத்தது இரவு. கிழமையில் இரண்டு இரவாவது வேறு ஒருவர் அந்த அறையில் படுக்க வேண்டும், வீட்டில் யாரும் இல்லாவிட்டால் காசு கொடுத்தாவது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பிரட்டச் சொல்லியிருப்பார்கள். காற்று மெத்தை இருந்தால் இரவில் அந்த இடைவெளியைக் கூட்டலாமா என்று கிளினிக் நேர்சிடம் கேளுங்கள், அம்மாவின் தோலைப் பார்த்துச் சொல்வார். நீங்களும் தினமும் குளிப்பாட்டும்போது இடுப்பெலும்பு, குதிக்கால் இரண்டையும் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்புத் தெரியாது, விரலால் தொட்டால் அந்த இடம் மட்டும் சூடாக, கட்டியாக இருக்கும், அப்படி இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், அம்மாவுக்கு இல்லை, உங்களுக்கு. எம்.ஓ.எச். ஒபிசில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டு, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிற கிளினிக் நாளில் போய் உங்கள் பிரஷரையும் சீனியையும் பாருங்கள். அம்மாவுக்கு இருந்த பிரஷர் உங்களுக்கும் இருக்கலாம், பார்க்கிறவர்கள்தான் இதைக் கவனிக்காமல் விடுவது. அழுகை நிற்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி வந்தால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி எண், தமிழில் கதைக்கலாம். கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வைத்திய அறிக்கையோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி பற்றியெல்லாம் அவரிடம் கேளுங்கள், உங்கள் நிலை சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இன்னொரு கடிதம் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

திரும்பவும் வந்தால் எப்படித் தெரியும்? எங்கே கொண்டு போவது?
வாழைச்சேனை வாசகி

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்கினால் நிற்காமல் விழுதல், பேச்சுக் குழறுதல். இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் போதும். முன்னமே விழுந்த பக்கம் இருக்கிறவருக்கு ‘நேற்றைக்கு இருந்ததை விட மோசமா’ என்று பாருங்கள். 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், காசு இல்லை. தண்ணி, சோடா, அஸ்பிரின் ஒன்றும் வாயில் கொடுக்க வேண்டாம், மூளையில் இரத்தக் கட்டி அடைத்ததா, இரத்தம் கசிந்ததா என்பது சீடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவு என்றால் அஸ்பிரின் கெடுதல். கட்டியைக் கரைக்கிற ஊசி, தகுந்தவர்களுக்கு, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கையில் எடுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். இரவில் தொடங்கினால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளுசைகளையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.